அரைக் குளிசையில் எவ்வளவு மருந்து?

அம்மாவுக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் நாளுக்கு 2.5 மில்லிகிராம். கையில் கிடைத்தது 5 மில்லிகிராம் குளிசை, ஆகவே அரைக் குளிசை. வெள்ளவத்தையில் நாங்கள் வழக்கமாக மருந்து எடுக்கும் பாமசியில், மாதத்துக்குத் தேவையானது முழுவதையும் வெட்டி, ஒரே பைக்குள் கொட்டித் தந்துவிட்டார்கள்.

இதயத் துடிப்பு சீரில்லாததால் எடுக்கும் மருந்து, ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் இரத்தம் உறைந்து பாரிசவாதம் வரலாம். அம்மாவுக்கு ஒரு முறை 3.6, அடுத்த முறை 1.7. டொக்டர் முதலில் கீரையைத்தான் கேட்டார், அதிலுள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். ஆனால் அம்மா வல்லாரைச் சம்பலைக்கூட அளவு பார்த்துச் சாப்பிடுகிறவர்.

அப்புறம்தான் அந்தப் பையைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் வெள்ளைத் தூள், சில பாதிகள் முனை உடைந்து, சில பாதிகள் பாதியைவிடப் பெரிதாக. மச்சான் செட்டியார் தெருவில் நகைக்கடையில் வேலை செய்கிறான், அங்கே மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கிறது. ஒரு முழுக் குளிசையின் நிறை 200 மில்லிகிராம், அதில் மருந்து 5 மட்டும்தான். பைக்குள் இருந்த ஒரு பாதி 118, இன்னொன்று 80. மருந்து குளிசை முழுக்கச் சீராகக் கலந்திருந்தால் இது கிட்டத்தட்ட 3 மில்லிகிராம் மருந்தும் 2 மில்லிகிராம் மருந்தும் ஆகிறது. ஐரோப்பிய மருந்து நியமத்தில் (மருந்துகளின் தரத்துக்கான விதிநூல்) இதற்கென்றே ஒரு சோதனை உண்டு: 30 குளிசைகளை உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாதியை நிறுத்துப் பார்ப்பார்கள், ஒன்றுக்கு மேல் சராசரியின் 85 முதல் 115 சதவீதத்துக்கு வெளியே போனால் அந்தக் குளிசை தேறாது.

ஒரே குளிசையின் இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்த நாளில் போட்டால், தூளாகப் போனது தவிர மீதி கணக்கு சரியாகிவிடும், வார்ஃபரின் உடம்பில் சில நாள் நிற்கிற மருந்து. எல்லாவற்றையும் கலந்துவிட்டால்தான் பெரிய பாதிகளே தொடர்ந்து வரவும் இடமிருக்கிறது, அம்மாவின் ஏற்ற இறக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டொக்டரும் ஒத்துக்கொண்டார்.

அவரிடமே கேட்டேன், வெட்டாமல் கொடுக்க வழியில்லையா என்று. இருந்தது! ஒரு நாள் 3 மில்லிகிராம் குளிசை ஒன்று, மறுநாள் 1 மில்லிகிராம் குளிசை இரண்டு. சராசரி அதே 2.5. கிளினிக் கொப்பியில் கிழமை வாரியாக எழுதித் தந்தார். அதன்பிறகு ஐ.என்.ஆர். 2.3, 2.6 என்று நிற்கிறது. இந்த மாற்றத்தை மட்டும் தயவுசெய்து நீங்களாகச் செய்யாதீர்கள், டொக்டர் எழுதித் தரட்டும்.

அம்மாவின் பிரஷர் குளிசையை இப்போதும் வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. அதில் நடுக்கோடு இருக்கிறது, வெட்டும் பெட்டி வைத்திருக்கிறோம், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெட்டுவோம், மற்றப் பாதி மறுநாளுக்கு. எஸ்.ஆர். என்று போட்ட மெட்ஃபோர்மினில் (நீரிழிவு மருந்து) கத்தியே வைப்பதில்லை, மெதுவாகக் கரைய வேண்டியது சட்டென்று கரைந்துவிடும்.