மேடையில் இடம் கிடைக்காதவர்கள்

புத்தக வெளியீடுகளிலும் பாடசாலை விழாக்களிலும் என்னை அறிமுகம் செய்பவர்கள், "நாடகாசிரியர்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, விட்டுப்போன ஒன்று ஞாபகம் வந்தவர்கள் போல, "சிறுவர் நாவல்களும் எழுதுகிறார்" என்று சேர்த்துக்கொள்வது வழக்கம். முதலாவது என் வேலை என்றும் மற்றையது ஓய்வுநேரப் பழக்கம் என்றும் கேட்பவர்கள் விளங்கிக்கொள்கிறார்கள். நடந்தது வேறு. மேடையில் சொல்ல இடம் கிடைக்காமற் போனவையே என்னை நாவலுக்குக் கொண்டுவந்தன. நாவல் எழுதத் தொடங்கிய பின்னர் என் நாடகங்களும் மாறிவிட்டன. அந்தத் தொடர்பைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று நினைத்தேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாடகம் என்பது முதலில் கூத்துத்தான். முள்ளியவளையின் கோவலன் கூத்தைச் சிறு வயதில் பாயில் படுத்தபடி பார்த்த எவரும் கதையை முழுமையாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கோவலன் மாதவியிடம் போகும்போது நித்திரையாகி, சிலம்பு விற்கப் புறப்படும்போது விழித்து, கொலைக்களத்துக்கு முன்னர் மறுபடியும் கண் அயர்ந்து, விடியற்புறத்தில் கண்ணகியின் குரலுக்குத் திடுக்கிட்டு எழும்பியவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கதை விளங்கியது. ஆடுபவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவதும், கூத்தாடும் களரிக்கு வரும் பாத்திரம் தான் இன்னார் என்று பாடிச் சொல்லிக்கொண்டே வருவதும் நித்திரை கொண்டவனையும் கதைக்குள் இழுத்துவிடும் ஏற்பாடுகள். சிறுவர் நாவலில் ஓர் அதிகாரத்தை எப்படித் தொடங்குவது என்று பின்னாளில் யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது இந்த வரவுப் பாட்டுத்தான். பிள்ளை நேற்று மூடிவைத்த புத்தகத்தை இன்று திறக்கிறது. இடையில் வீட்டுவேலை, ரியூசன், கிரிக்கெட் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்த காலத்தில் எழுதியவையே என் நாடகங்களில் பெரும்பாலானவை. அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் எவரும் குழந்தை ம. சண்முகலிங்கத்தைத் தாண்டிப் போக முடியாது. 1931இல் பிறந்து 2025இல் காலமான அவர், 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை எழுதிய அதே கைதான் 'கூடி விளையாடு பாப்பா' என்ற சிறுவர் நாடகத்தையும் எழுதியது. பெரியவர்களுக்கான நாடகத்துக்குக் கொடுக்கும் கவனத்தைச் சிறுவர் அரங்குக்கும் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதை எங்கள் தலைமுறை அவரிடமே கற்றது. சிறுவர் நாடகம் என்றால் பெரியவர்களின் நாடகத்தை அரைவாசியாக வெட்டிப் பிள்ளைகளுக்கு மீசை ஒட்டிவிடுவது என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்; அவர்கள் போட்டிகளில் நடுவர்களாகவும் வந்து அமர்கிறார்கள்.

வன்னியில் நாடகம் எழுதுபவர் அந்த மண்ணின் அரசன் பண்டாரவன்னியனைத் தொடாமல் தப்ப முடியாது. 1803இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்டவனின் கதையை, நாடகமும் நாவலும் எழுதிய முல்லைமணி உட்படப் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் பாடசாலைகளுக்கு இடையிலான தமிழ்த் தினப் போட்டிக்காக ஒன்று எழுதினேன். போட்டி நாடகத்துக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு; மணி அடித்த பின்னும் இழுத்துக்கொண்டு போனால் புள்ளி குறையும். ஆகவே பேசும் பாத்திரங்கள் ஒரு சிலர், மிகுதிப் பிள்ளைகள் எல்லாரும் ஈட்டி பிடித்த காவலர் என்று ஆகிவிட்டது. ஈட்டிகளைப் பிள்ளைகளே செய்தார்கள்: காட்டில் வெட்டிய நேரான தடி, மட்டையில் வெட்டி ஒட்டிய முனை, அதன்மேல் பிஸ்கட் பைக்கற்றின் மினுங்கல் தாள். ஒத்திகையின்போது வலப்பக்கக் காவலனாக நின்ற பெடியன் ஒருவன் என்னிடம் வந்து, "சேர், எனக்கு என்ன பேர்?" என்று கேட்டான்.

"காவலாளி."

"அது வேலை, சேர். பேர் என்ன?"

பதில் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன், ஏனென்றால் நேரம் இல்லை. எங்கள் நாடகம் மாகாண மட்டப் போட்டிக்குத் தெரிவாகவில்லை. பிறகு ஆறுதலாக இருந்து அந்தக் காவலனுக்கு ஒரு பெயர் வைத்து, தாயை வைத்து, அவன் மேய்த்த எருமைகளையும் வைத்துப் பார்த்தபோது, அரசனுக்கு நடந்ததைவிட அவனுக்கு நடந்தது கூடுதலாக இருந்தது. அது மேடைக்குள் அடங்கவும் இல்லை. அதுவே என் முதலாவது சிறுவர் நாவல்.

நாடகத்திலிருந்து சிறுவர் நாவலுக்கு வந்தவர்களில் உலகம் நன்கறிந்தவர் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜே. எம். பாரி. அவருடைய 'பீட்டர் பான்' நாடகம் 1904 டிசம்பர் 27ஆம் திகதி லண்டனில் மேடையேறியது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1911இல், அதே கதையை அவரே 'பீட்டரும் வெண்டியும்' என்ற நாவலாக எழுதினார். நாடகத்தில் ஓர் இடம் உண்டு. நஞ்சைக் குடித்துச் சாகக் கிடக்கும் டிங்கர் பெல் என்ற சின்னத் தேவதையைக் காப்பாற்றுவதற்காக, தேவதைகளை நம்புகிறவர்கள் கைதட்டுங்கள் என்று பீட்டர் பார்வையாளரிடம் கேட்பான், மண்டபம் கைதட்டும், அவள் பிழைப்பாள். நாவலில் கைதட்ட யார் இருக்கிறார்கள்? பாரி அந்த இடத்தைக் கைவிடவில்லை. அந்நேரத்தில் பீட்டர் வாழும் நெவர்லாந்தைக் கனவு காணக்கூடிய பிள்ளைகள் எல்லாரையும் பார்த்துப் பீட்டர் கேட்பதாக மாற்றினார். பலர் தட்டினார்கள் என்று எழுதியவர், சிலர் தட்டவில்லை என்றும் எழுதினார். மண்டபத்தில் ஒரு பிள்ளை தட்டாமல் இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் ஓசையில் அது மறைந்துவிடும். புத்தகத்தோடு தனியே இருக்கும் பிள்ளையை அப்படி மறைக்க முடியாது, அது நம்பாவிட்டால் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. நாடகம் எழுதிப் பழகிய கைக்கு இதைவிட நல்ல எச்சரிக்கையை நான் வேறெங்கும் காணவில்லை. (பீட்டர் பானின் உரிமையை 1929இல் லண்டனில் உள்ள சிறுவர் மருத்துவமனை ஒன்றுக்கு அவர் எழுதிக்கொடுத்தார். உரிமத்தொகை என்று ஒன்றைக் கண்ணால் காணாத எங்களுக்கு, தேவதையைவிட நம்பக் கடினமான பகுதி இதுதான்.)

தனியே வாசிக்கும் பிள்ளையை நம்பவைக்க வேண்டும் என்ற அந்த எச்சரிக்கை எனக்கு யானையில் விளங்கியது. எங்கள் மேடையில் யானை வருவது மிகவும் சுலபம். கறுப்புத் திரைக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் காய்ந்த பனையோலையை மெதுவாக நிலத்தில் இழுக்க, காவற்கொட்டிலில் இருக்கும் நடிகன் தகரம் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புவான். அவ்வளவுதான், மண்டபம் அடங்கிவிடும். நாவலில் அந்த ஓலையை இழுக்கவும் ஆளில்லை, தலையைத் திருப்பவும் ஆளில்லை. முத்தையன்கட்டுப் பக்கத்து வயல்களில் இராக்காவல் இருந்தவர்களிடம் போய்க் கேட்டேன். யானை கிட்ட வரும்போது தவளைச் சத்தம் முதலில் நிற்கும் என்றார் ஒருவர். அது பொய், முதலில் மணந்தான் வரும் என்றார் மற்றவர். இருவரும் என்னை மறந்துவிட்டு வாதாடினார்கள். நாவலில் இரண்டையும் எழுதினேன், வாதத்தையும் சேர்த்து.

ஆனால் வாசித்த பிள்ளைகள் என்னிடம் யானையைப் பற்றிக் கேட்கவில்லை. காட்டில் நின்ற இரவில் கதைநாயகன் என்ன சாப்பிட்டான், மழைக்கு எங்கே ஒதுங்கினான், நாய்க்குச் சாப்பாடு கொடுத்தானா என்றே கேட்டார்கள். நாடகத்தில் பாத்திரம் சாப்பிட்டதா என்று எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் நடிகன் உயிரோடு முன்னால் நிற்கிறான். எழுத்தில் நிற்பவனுக்கு நாம்தான் சோறு போட வேண்டும். அதன் பிறகு என் நாவல்களில் சாப்பாடு கூடியது. பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய் வந்தவர்களின் உதடுகள் பழத்தின் பாலில் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? பழம் தின்னவே இல்லை என்று ஒட்டிய உதட்டோடு தாயிடம் சாதிக்கும் ஒரு பெடியனை நாவலில் வைத்தேன். பின்னர் அந்த அதிகாரத்தையே நாடகமாக்கியபோது, வசனம் கிட்டத்தட்ட இல்லாத அந்தக் காட்சிக்குக் கிடைத்த சிரிப்பு, நான் அடுக்குமொழியில் எழுதிய எந்த அரசவைக் காட்சிக்கும் கிடைத்ததில்லை. நாவல் என் நாடகத்தை மாற்றியது என்று சொன்னது இதைத்தான்.

போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009க்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளே இன்று என் வாசகர்கள். இடப்பெயர்வை அவர்கள் பெரியவர்களின் பேச்சில் பாதியாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுவதையும் கவனித்திருக்கிறார்கள். பாடசாலை மேடையில் பங்கரையும் ஷெல்லையும் காட்டினால் முன்வரிசையில் இருக்கும் தாய்மார் அழுவார்கள். பிள்ளைகள் மேடையை விட்டுவிட்டுத் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நாடகம் யாருக்காக நடக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் மேடையில் அதைக் குறைத்துக்கொண்டேன், நாவலில் குறைக்கவில்லை. பிள்ளை தன்பாட்டில் வாசிக்கலாம், நிறுத்தலாம், அந்தப் பக்கத்தைத் தவிர்த்து அடுத்ததுக்குப் போகலாம், விரும்பினால் இரவில் அம்மாவிடம் கேட்கலாம். சிறுவர் எழுத்தில் இவை வரவே கூடாது என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள்; அவர்களோடு நான் உடன்படவில்லை.

அறிவுரை விடயத்திலும் அப்படித்தான். நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் ஒற்றுமை, ஒழுக்கம், சுற்றாடல் என்று ஏதாவது ஒன்றை ஒரு பாத்திரம் மேடையின் முன்னால் வந்து சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கள் பாடசாலைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. நாவலிலும் அதையே கேட்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் பகுதி வந்ததும் கதிரையில் நெளிவதை மண்டபத்தின் பின்னால் நின்று பார்த்தவன் என்பதால், என்னால் அதை எழுத முடிவதில்லை.

சிறுவர் நாவல் எங்களிடம் ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. நாடகத்துக்குப் போட்டி உண்டு, குறித்த நாள் உண்டு, ஒப்பனைக்கும் உடைக்கும் எங்கிருந்தாவது காசு வரும். சிறுவர் நாவலை எவரும் கேட்டு எழுதுவிப்பதில்லை. எழுதியவர் தன் கைக்காசில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் கையளித்துவிட்டு, மிகுதியைப் பெட்டியோடு வீட்டு அறைக்குள் அடுக்கிவைக்கிறார். படம் வரைவிக்கும் செலவு தனி. படம் இல்லாவிட்டால் பிள்ளை தொடாது. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை பிரதிகள் வாங்கினால் அச்சகக் கடனில் ஒரு பகுதி அடையும். நான் பிரதிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாடசாலை நூலகங்களுக்குப் போய்க் கொடுத்திருக்கிறேன்; சில இடங்களில் அவை கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டப்பட்டு, பழுதாகாமல், வாசிக்கப்படாமல் இருக்கின்றன.

பாலைப்பழக் காட்சி வரும் நாடகத்தின் பிரதியை இந்த ஆண்டு போட்டிக்குக் கேட்டுச் சில ஆசிரியர்கள் எழுதியிருந்தீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், பணம் எதுவும் வேண்டாம். ஆட்கள் கூடுதலாக இருந்தால் ஊரவர் பாத்திரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மேடையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் வையுங்கள், முடிவில் அறிவுரை சேர்க்காதீர்கள். இந்த இரண்டுக்கும் சம்மதம் என்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள், பிரதியை அனுப்பிவைக்கிறேன்.