நடுக்கடலில் யார் படம் பிடிப்பார்கள்?

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்தியது 9 நிமிடம் 29 விநாடி. அவர் இறந்துபோனார். தெருவில் நின்ற 17 வயதுப் பெண் அதைச் செல்போனில் படம் பிடித்தாள். அந்த வீடியோ இல்லாவிட்டால் தீர்ப்பே வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். 11 மாதத்தில் அந்தப் போலீஸ்காரர் கொலைக் குற்றவாளி என்று முடிவானது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு.

நேற்று தங்கச்சிமடத்தில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் இதைச் சொன்னேன். ஊசி அப்படியே நின்றது. "நடுக்கடல்ல யாருப்பா படம் பிடிப்பா?" என்றார்.

2017 மார்ச் 6. கச்சத்தீவு அருகே மீன்பிடிக்கப் போன எங்கள் ஊர்ப் பையன், கழுத்தில் குண்டு பாய்ந்து இறந்தான். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. நீதி கேட்டு, உடலை வாங்காமல் நாள்கணக்கில் போராடினோம். சரி, அப்போது சுட்டது யார்? இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.