கடனட்டையை மூடும் முன் பில்களைக் கழற்றுங்கள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் இருந்த இரண்டு கடனட்டைகளையும் மூடிவிட்டோம். நாங்களும் விடப்போகிறோம், என்ன செய்யவேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கார்டை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கடைசியில் எடுங்கள் என்பதுதான் என் பதில். கார்டில் என்னென்ன பில்கள் தொங்குகின்றன என்று முதலில் பார்க்கவேண்டும். மினக்கெட வேண்டிய வேலை அங்கேதான் இருக்கிறது.

எனக்கும் மனைவிக்கும் அரச சம்பளம். உருத்திரபுரத்தில் இரணைமடுத் தண்ணீர் பாய்கிற கொஞ்ச வயலும் உண்டு. 2022இல் டீசலும் பசளையும் எட்டாத விலைக்குப் போனபோது பல சாமான்களைக் கார்டில்தான் வாங்கினோம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் ஏற்றியது. கடனட்டை வட்டிக்குப் போட்டிருந்த உச்ச எல்லையும் எடுபட்டது. எங்கள் கார்ட் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது.

வட்டியை விடவும் எனக்குக் கோபம் வந்தது தானாக வெட்டுப்படுகிற பில்களில். கரண்ட், போன், டிவி, காப்புறுதி எல்லாம் கார்டில்தான் போய்க்கொண்டிருந்தன. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. கையில் எண்ணிக் கட்டுகிற வீட்டில் அடுத்த மாதமே இரண்டு பல்ப் அணைந்திருக்கும். கார்டில் போகும்போது அது வங்கி மாதாமாதம் அனுப்புகிற கூற்றுப் பத்திரத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். மீதியை வைத்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், வட்டியில்லாத நாட்கள் என்ற சலுகையும் போய்விடும். போன மாதம் எரித்த லைட்டுக்கும் இந்த மாதம் வட்டி ஓடும். அரச சம்பளக்காரர் பலருடைய நிலைமை இதுதான் என்பது என் எண்ணம்.

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடியும் எல்லை போட்டது: கடனட்டைக்கு 28 வீதம், நகை அடகுக்கு 18 வீதம். ஒரு லட்சத்துக்கு வருடம் பத்தாயிரம் ரூபா வித்தியாசம். வன்னியில் அடகுக்கடைப் படி ஏறாத வீடு குறைவு, விதைப்புக்கு வைத்து அறுவடைக்கு மீட்பது பழகிய விஷயம். மனைவி தன் சங்கிலியைக் கழற்றித் தந்தாள். வங்கியில் வைத்துக் கார்ட் கடனை அடைத்தோம், காலபோக நெல் விற்றதும் மீட்டோம். மீட்கிற காசு எந்த மாதம் வரும் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இதைச் செய்யாதீர்கள். நகையும் போய், கார்டிலும் திரும்பக் கடன் ஏறினால் மீளவே ஏலாது.

கடன் அடைந்த பிறகு பன்னிரண்டு மாதக் கூற்றுப் பத்திரங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தோம். மூன்று மாதம் பார்த்தால் போதாது, வாகனக் காப்புறுதி போல வருடத்துக்கு ஒருமுறை வருவது அதில் தெரியாது. “இஞ்சேருங்கோ, இந்த டொலர்க் கணக்கு என்ன?” என்று மனைவி கேட்டபோதுதான் மகளின் படங்கள் சேமிக்கிற கூகுள் இடத்துக்கு மாதாமாதம் காசு போவது ஞாபகத்துக்கு வந்தது. கிணறு இருப்பதால் எங்களுக்குத் தண்ணீர்ப் பில் இல்லை, ஒரு வேலை மிச்சம்.

அப்புறம் பில்களை இரண்டாகப் பிரித்தோம். தொகை மாறாத காப்புறுதித் தவணைக்கும் சீட்டுக்காசுக்கும் சம்பளக் கணக்கிலிருந்து நிலையான கட்டளை, அதாவது மாதாமாதம் ஒரே தொகையை வங்கியே அனுப்புகிற ஏற்பாடு, கொடுத்தோம், சம்பளம் விழுந்து இரண்டு நாள் கழித்து. அதே நாளில் வைத்தால், சம்பளம் பிந்துகிற மாதத்தில் கட்டளை தவறிவிடும். கரண்ட், போன் போல மாதாமாதம் மாறுகிற பில்களுக்கு நிலையான கட்டளை சரிவராது. அவற்றை வங்கிச் செயலியில் பதிந்துவைத்து, பில் வந்ததும் தொகையைப் பார்த்து நாங்களே கட்டுகிறோம். துணுக்காய்ப் பக்கம் இருக்கிற மாமா இப்பவும் தபாற்கந்தோரில்தான் கரண்ட் பில் கட்டுகிறார். அந்த ஊரில் சிக்னல் இருக்கிற இருப்புக்கு அவர் செய்வதுதான் சரி.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கார்டை எடுப்பித்து, ஒரு மாதம் எதுவும் விழவில்லை என்று பார்த்த பிறகே மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். அப்படிப் பார்த்தும், ஒரு நிறுவனம் மூடச் சொன்ன அடுத்த வாரமே பழைய அனுமதியில் காசை வெட்டிவிட்டது. வங்கியில் இருந்த தங்கச்சி விளக்கமாகச் சொன்னா: “அண்ணா, நீங்கள் கார்டை நிப்பாட்டினது அவையளுக்குத் தெரியாது. இன்னும் பில்லுக்கு வராத கணக்கும் இருக்கும். அதெல்லாம் பூச்சியமான பிறகு கடிதம் கேளுங்கோ.” அந்தத் தொகையைக் கட்டி, நிறுவனத்திடம் எழுத்தில் நிறுத்தம் வாங்கினோம். மனைவி பெயரில் இருந்த துணை அட்டையும் சேர்ந்து மூடப்பட்டதா என்று தனியாகக் கேட்டோம். கேட்டது நல்லது, அதற்கு இன்னொரு படிவம் இருந்தது.

மூடியதாக வங்கி தருகிற கடிதத்தைக் கட்டாயம் வாங்குங்கள். சிறு பாக்கி ஒன்று கவனிக்காமல் கிடந்தால், பிந்திய கட்டணமும் வட்டியும் ஏறி, யார் யாருக்கு என்ன கடன் என்று பதிந்துவைக்கிற கொடுகடன் தகவல் பணியகத்தில், அதுதான் எல்லோரும் கிறிப் என்று சொல்வது, நிலுவையாகப் பதியும். உழவு மிசினுக்கு லீசிங் கேட்கப் போகிற அன்று முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். சில மாதம் கழித்து எங்கள் இருவருடைய அறிக்கையையும் நாங்களே எடுத்துப் பார்த்தோம். இரண்டு கார்டுகளும் மூடப்பட்டதாகவே இருந்தன.