அப்பாயியின் பிரஜாவுரிமைப் பத்திரம்

இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை, அதாவது குடியுரிமை, கொடுக்க 2003இல் புதுச் சட்டம் வந்த கையோடு, மனுக்களை நேரில் வந்து வாங்கும் நடமாடும் சேவை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. அப்பாயிக்கு, அப்பாவின் அம்மாவுக்கு, அப்போது 78 வயது. ஹட்டன் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, 1947 தேர்தலில் ஓட்டும் போட்டவர். அடுத்த வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கிவிட்டது.

அந்தச் சட்டம் இனத்தின் பேரைச் சொல்லி யாரையும் ஒதுக்கவில்லை. அப்பா இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் பிறந்தார்களா என்றுதான் கேட்டது. அந்தக் காலத்துப் பிறப்புப் பத்திரம் கிராமத்துச் சிங்களவர் பலரிடமும் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யார் கேட்டார்கள்?

இந்திய வம்சாவளியினர் பதிந்து பிரஜாவுரிமை பெற வழிவிட்ட 1949 சட்டத்தின் கீழ் தாத்தா மனுப் போட்டார். நடுவில் இந்தியாவுக்குப் போய் வந்ததைக் காட்டி, தொடர்ச்சியான வதிவிடம் இல்லையென்று தள்ளிவிட்டார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. தாத்தா வெறுத்துப்போய் இந்தியாவுக்கே எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. கிளம்புவதற்குள் தாத்தா கண்ணை மூடிவிட்டார், 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அப்பாயி லயத்திலேயே இருந்துவிட்டார்.

அந்தப் பாஸ்போர்ட்தான் எங்களைப் படுத்தியது. அரை நாள் வரிசையில் நின்று படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அது எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாதவர்களுக்கானதாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக விசேட பிரகடனம். அதில் ஆணையாளர் கையொப்பம் வேண்டும். 1964 அக்டோபர் 30 முதல் இங்கேயே குடியிருந்ததற்கு ஆதாரம் தேடித் தோட்ட ஆபீசுக்குப் போனோம். பழைய செக்ரோலில், தொழிலாளர் பேர்ப் பதிவேட்டில், பாதி கறையானுக்குப் போயிருந்தது. கிளாக்கர் ஐயா பொறுமையாகப் புரட்டி ஒரு வரியைக் கண்டுபிடித்தார். அங்கே ‘ராமாயி’, பாஸ்போர்ட்டில் ‘ராமாயம்மா’. சரி, இரண்டும் ஒரே ஆள் என்பதற்கொரு சத்தியக் கடதாசி. முதலிலேயே பேரை ஒத்துப் பார்த்திருந்தால் அப்பாவுக்கு இரண்டு நாள் பேர் விழாமல், சம்பளம் போயிருக்காது.

பத்திரம் வந்தது. அப்புறம் அடையாள அட்டைக்கு மறுபடியும் ஒரு சுற்று.

2005 ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்பாயியைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். அடையாள அட்டை போதும் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. பிரஜாவுரிமைப் பத்திரம், சத்தியக் கடதாசி, செத்துப்போன பாஸ்போர்ட் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

“கேட்டா காட்டணும்ல” என்றார்.