ஓய்வுநாள் பள்ளி அறையில் ஒரு பி.காம்.

சென்ற ஆண்டு என் பி.காம். பட்டச் சான்றிதழ் தபாலில் வந்தது. அதிலிருந்து ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "கோயிலில் டிகிரி தருகிறார்களாமே, என் மருமகளையும் சேர்த்துவிடு தாயி" என்கிறார்கள். ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைகளைச் சேகரம் என்போம்; பக்கத்துச் சேகரங்களிலிருந்தும் விசாரித்து வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் வாய்ப்பதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கோயில் டிகிரி தராது. முதலில் இது எல்லாருக்கும் புரிய வேண்டும். பட்டம் தருவது பல்கலைக்கழகம். விண்ணப்பம் போட்டதும், கட்டணம் கட்டியதும், தேர்வு எழுதியதும் எல்லாம் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அவரவர் பெயரில் நேரடியாகத்தான். எங்கள் சேகரம் தந்தவை வேறு: படிக்க ஓர் அறை, இணைய இணைப்பு, சொல்லிக்கொடுக்க ஒருவர், வட்டியில்லாத கடன். ஆன்லைன் பட்டப்படிப்பை இன்னொருவருக்குக் குத்தகை விட்டதுபோல நடத்தக் கொடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. அதனால் சபையோ, டியூஷன் சென்டரோ, வேறு யாரோ "எங்களிடம் பணம் கட்டுங்கள், பட்டம் வாங்கித் தருகிறோம்" என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும். எங்களோடு சேர இருந்த ஒரு தம்பியிடம் ஓர் ஏஜென்சி, ஒரே வருடத்தில் மூன்று வருடப் பட்டத்தை முடித்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிவிட்டது. அந்தப் பணம் இன்றுவரை திரும்பவில்லை. கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிப் பக்கத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்தேன், நல்ல மதிப்பெண்தான். கல்லூரிக்குப் பாளையங்கோட்டை போக வேண்டும். பஸ்ஸில் போகவே இரண்டு மணி நேரம், விடுதியில் சேர்க்க வீட்டில் வசதியில்லை. அங்குள்ள பெண்கள் கல்லூரியான சாராள் தக்கர் கல்லூரியின் விண்ணப்பப் படிவம் பீரோவில் வெகுநாள் கிடந்தது. பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். திசையன்விளையில் முருங்கைக்காய் கமிஷன் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சிட்டை, பேரேடு, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்குக் கணக்கு எல்லாம் கைக்குப் பழகியவை. ஆனால் எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் "பட்டம் இருக்கிறதா?" என்ற கேள்வியிலேயே கதவு அடைந்துவிடும்.

இந்த ஏற்பாடு கொரோனாவால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2020-இல் ஆலயங்கள் மூடிக் கிடந்தபோது ஆராதனையை நேரலையில் ஒளிபரப்புவதற்காகச் சேகரக் கமிட்டி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்துக்கு பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியது. ஆலயம் திறந்த பிறகு வாரத்தில் ஆறு நாள் அது சும்மா கிடந்தது. எங்கள் சபையில் கல்லூரியில் வணிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற சார் ஒருவர் இருக்கிறார். மாதாமாதம் பணம் கட்டும் இணைப்பில் நாலு பேர் படிக்கட்டுமே என்று கமிட்டியில் எழுந்து பேசியவர் அவர்தான். அதே 2020-இல் மானியக் குழு ஆன்லைன் படிப்புகளுக்கும் தொலைநிலைப் படிப்புகளுக்கும் புதிய விதிமுறைகளை வெளியிட்டிருந்தது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்பது அதன் சாரம். 2022-இல் இதை மறுபடியும் அறிவிப்பாகவே வெளியிட்டார்கள். சார் அந்த விதிமுறைகளை அச்செடுத்து வந்து ஐயரிடம் கொடுத்தார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் அழைப்போம்.

கமிட்டியில் எதிர்ப்பும் இருந்தது. சபையார் அல்லாதவர்களையும் சேர்ப்பதா என்பதில்தான் பேச்சு நீண்டது. விண்ணப்பித்த ஏழு பேரில் இரண்டு பேர் இந்துக்கள். ஐயர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: நம் பள்ளிக்கூடங்கள் என்றைக்காவது சாதி மதம் கேட்டுச் சேர்த்தனவா? அவர் சொன்னதன் அருமை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும். 1820-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்தே இங்கே ஆலயமும் பள்ளிக்கூடமும் பக்கம் பக்கமாகத்தான் எழும்பின. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைவேலை தலைமுறைகளைத் தாண்டி எங்கள் ஆச்சி கைக்கும் வந்தது. சாராள் தக்கர் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நடமாட முடியாத உடம்பு அவருக்கு. அவர் பெயரில் 1895-இல் எழுந்த கல்லூரியில் எத்தனை தலைமுறைப் பெண்கள் படித்தார்கள்! எனக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் என் வயதில், என் ஊரில், என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எனக்கென்று ஒரு வகுப்பறை கிடைத்தது. அதற்காக நான் கர்த்தருக்கும் இந்தச் சபைக்கும் நன்றி சொல்லி முடியாது.

2021-இல் சேர்ந்தோம். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதில் சார் மிகவும் கண்டிப்பாக இருந்தார். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பருவத்தில் எந்தப் படிப்பை ஆன்லைனில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியல் உண்டு. படிப்பின் பெயர் அந்தப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு இருந்தால் மட்டுமே மேற்கொண்டு பேச்சு. ஆன்லைன் படிப்புக்கு மாநில எல்லை கிடையாது, வெளிமாநிலப் பல்கலைக்கழகத்திலும் சேரலாம். நர்சிங், சட்டம், பொறியியல் போன்றவற்றை ஆன்லைனில் நடத்த அனுமதியே இல்லை. நர்சிங் கேட்டு வந்த இரண்டு பிள்ளைகளை முதல் நாளே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பத்தாம் வகுப்போடு நின்ற ஓர் அக்காவிடம், முதலில் பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிவிட்டு வரச் சொன்னார் சார். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்க மாட்டார்கள். அந்த அக்கா எழுதித் தேறிவிட்டார். இப்போது அடுத்த அணியில் படிக்கிறார்.

சேர்க்கையில் எங்களை வாட்டியது பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். வங்கிக் கணக்கில் மூன்றாவது விதம். கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். பெண்கள் எல்லாருக்கும் இதே கதைதான். இ-சேவை மையத்தில் ஆதாரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி திருத்திக்கொண்ட பிறகே விண்ணப்பம் நகர்ந்தது. படிக்கும் எண்ணம் வந்த அன்றைக்கே இதைச் சரிசெய்துவிடுங்கள், பட்டச் சான்றிதழ் வரைக்கும் இந்தப் பெயர்தான் போகும்.

கட்டணத்தைப் பருவம் பருவமாகக் கட்டலாம். சேகரத்தின் கல்வி நிதியிலிருந்து பாதியைக் கடனாகத் தந்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் பிடியரிசிக் காணிக்கையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கியது. சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் வழக்கம் எங்கள் அம்மாமார்களிடம் இன்னும் இருக்கிறது. அந்த அரிசியில் நான் பி.காம். படித்தேன். சங்கிலியை அடகு வைக்காமல் தப்பித்ததும் அதனால்தான்.

செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணிக்கு ஓய்வுநாள் பள்ளி அறையில் கூடுவோம். பதிவு செய்த பாடங்களை முன்னதாக அவரவர் போனில் பார்த்துவிட வேண்டும். அறையில் சந்தேகமும் பயிற்சியும் மட்டும். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான், சார் தமிழில் விளக்குவார். நம் ஏட்டிலுள்ள இருப்பும் வங்கி காட்டும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் எனக்குப் புரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பதிவில் அந்தப் பாடத்தை மறுபடி மறுபடி பார்த்தும் தலையில் ஏறவில்லை. சார் பெண்கள் சங்கத்தின் ரொக்க ஏட்டையும் பாஸ்புத்தகத்தையும் மேசையில் வைத்தார். ஏட்டில் 14,200 ரூபாய், பாஸ்புத்தகத்தில் 16,700 ரூபாய். "பணம் எங்கே கூடியது, சொல்லுங்கள்" என்றார். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அசனம் என்னும் சபை விருந்துக்குப் பாத்திரம் வாடகைக்குத் தந்தவருக்குச் சங்கம் 2,500 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்தது; அவர் அதை இன்னும் வங்கியில் போடவில்லை. அவ்வளவுதான் பாடம். அன்றிலிருந்து மண்டியிலும் மாதக் கடைசியில் அப்படியொரு பட்டியல் போடுகிறேன்.

நேரலை வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் வந்து விழுந்தன. ஆராதனை நேரம் அது. அதை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார எங்கள் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. பதிவைப் பிற்பகலில் சேர்ந்து பார்த்தோம். ஆனால் ஆன்லைன் செயல்பாடுகளில் 75 சதவீதம் பங்கேற்றால்தான் பருவத் தேர்வுக்கு அனுமதி. அதனால் அசைன்மென்ட், விவாதம், சிறு தேர்வு எதையும் தவறவிடாமல் ஈடுகட்டினோம். அசைன்மென்ட்டுகளை உள்ளடக்கிய அகமதிப்பீட்டுக்கு 30, பருவத் தேர்வுக்கு 70 என்பது மதிப்பெண் கணக்கு.

தேர்வு கேமராக் கண்காணிப்பில் நடந்தது. முகம் திரையில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும், அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்டால் எச்சரிக்கை வரும். எங்கள் வீடுகளில் அப்படியோர் அறைக்கு எங்கே போவது? ஓய்வுநாள் பள்ளியில் தடுப்பு வைத்த அறைகள் போதாமல் ஆலயத்தில் ஐயர் அங்கி மாற்றும் அறையான வெஸ்ட்ரியையும் அவர் திறந்துவிட்டார். அங்கிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வருமான வரித் தேர்வு எழுதினேன். எங்கள் ஆலயத்தில் மதியம் 12 மணிக்கு மணி அடிக்கும் வழக்கம் உண்டு. தேர்வு நாட்களில் அதை நிறுத்தலாமா என்று பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். ஐயர் ஞாயிறு அறிக்கையில் தேதிகளை வாசித்துச் சபையாரிடம் சம்மதம் கேட்டார், கொடுத்தார்கள்.

இன்னொரு தடை மின்சாரம். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் காலை 9 மணி முதல் 2 மணி வரை மின்தடை என்று பத்திரிகையில் போடுவார்கள். மூன்றாம் பருவத்தில் சரியாகத் தேர்வு நாளன்று அது வந்து நின்றது. அசனத்துக்கும் கன்வென்ஷனுக்கும் ஓடும் ஜெனரேட்டரை ஆலயப் பணிவிடையாளர் முந்தின நாள் மாலையே டீசல் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டார். மறுநாள் சத்தம் மைக்கில் விழாதபடி நீளமான வயர் இழுத்து மதிலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். தேர்வு முடியும்வரை அதன் பக்கத்திலேயே வெயிலில் நின்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். என் சான்றிதழை நான் முதலில் காட்டியது அவரிடம்தான்.

ஏழு பேரில் ஐந்து பேர் முடித்தோம். ஒரு பெண் பிரசவத்துக்காக நிறுத்தியிருக்கிறாள், கட்டாயம் வந்து தொடர்வாள். இன்னொரு தம்பி வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். நடுவில் நானும் விட்டுவிடப் பார்த்தேன். மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த மாதங்கள் அவை. அறைக்கு வராத வாரத்தில் ஐயரின் மனைவி ஐயரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். "நீ போ, நான் அத்தை பக்கத்தில் இருக்கிறேன்" என்று செவ்வாய்தோறும் வந்து உட்கார்ந்தார். வீட்டில் தனியாகப் போனில் படித்திருந்தால், நான் வராததை எந்தப் பல்கலைக்கழகம் வந்து கேட்டிருக்கும்? இந்தப் படிப்பில் நான் தேறியதற்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகளே காரணம்.

மண்டியில் சம்பளம் கூடியிருக்கிறது. பட்டம் கேட்கும் அரசுத் தேர்வு ஒன்றுக்கும் விண்ணப்பித்திருக்கிறேன்.

இனிச் சேருகிறவர்களுக்கு நாங்கள் சேரும்போது கேட்காத இரண்டு அடையாள எண்கள் வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலி வழியாக, படிப்பில் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஏ.பி.சி. கணக்கின் எண்ணை எடுத்து, அதைக் கொண்டு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பிரிவின் டி.இ.பி. எண்ணை உருவாக்க வேண்டும். இரண்டையும் நீங்களே செய்யுங்கள்; ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

வேறு சேகரங்களில் தொடங்க நினைப்பவர்கள் கமிட்டியில் பெரிய தொகை கேட்க வேண்டியதில்லை. பூட்டாத ஓர் அறை, இணைப்பு, நல்ல இன்வெர்ட்டர், பாடம் தெரிந்து வாரம் இரண்டு மாலை வரக்கூடிய ஒருவர் போதும். அந்த ஒருவர் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஊருக்கு வந்து சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் இப்போது முதலாண்டுக் கணக்குப் பதிவியல் நான்தான் எடுக்கிறேன். இன்னொரு மாலை உங்கள் ஊருக்கும் வருவேன்.