கோல் நிமிர்ந்தால் மீன்

வில்லாக வளைந்து நின்ற தூண்டில் கோல் சட்டென்று நிமிர்ந்தது!

மீன் கடித்தால் கோல் வளையும் என்றுதானே நினைப்போம்? தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவியான டவுன்ரிகரில் முதலில் நடப்பது தலைகீழ். ஆழத்தில் ஈயக் குண்டோடு நரம்பைப் பிடித்திருக்கும் கிளிப், மீன் இழுத்ததும் விட்டுவிடும். இறுக்கம் போய் கோல் ஒரு கணம் நிமிரும், அப்புறம்தான் மறுபடி வளைந்து ரீல் கதறும்.

அந்தக் கணத்துக்காகத்தான் விடியலிலிருந்து அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

புதுப் படகு. சீறிப் பாய வேண்டும் என்று ஆசையாக வாங்கியது. மணிக்கு 4 கிலோமீட்டரைத் தாண்ட விடவில்லை, பாவம். வேகம் கூடினால் ஸ்பூன் (மீனை ஏமாற்றும் உலோகத் தகடு) தாறுமாறாகச் சுழலும், குறைந்தால் அசைவே இருக்காது.

வந்தது சினூக் சால்மன். நல்ல கனம், கை இன்னும் வலிக்கிறது.

இது இந்த ஏரியின் மீனே இல்லை, பசிபிக் பக்கத்து ஆள். அட்லாண்டிக் கடலிலிருந்து ஏரிகளுக்குள் புகுந்த அலேவைஃப் என்ற பொடி மீன் கட்டுக்கடங்காமல் பெருகி, 1967 கோடையில் கரையெங்கும் செத்து ஒதுங்கி நாறியது. அதைத் தின்ன ஆள் வேண்டுமே! அந்த நாற்றத்துக்கு முந்தைய ஆண்டே, 1966இல், மிச்சிகன் மாநிலம் கோஹோ என்ற இன்னொரு சால்மனையும் 1967இல் சினூக்கையும் ஏரியில் விட்டது.

தின்றன. நன்றாகவே தின்றன. பக்கத்து ஹூரான் ஏரியில் 2000களின் தொடக்கத்தில் அலேவைஃப் சரிந்ததும் சினூக்கும் கூடவே சரிந்தது. அதனால் மிச்சிகன் ஏரியில் சினூக் குஞ்சுகள் விடுவதைப் பலமுறை குறைத்திருக்கிறார்கள்.

ஒருகாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ளிக் கொட்டிய அலேவைஃபை இப்போது வருடாவருடம் கணக்கெடுக்கிறார்கள். படகுக்காரர்கள் எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் ஆவலாகப் பார்க்கிறோம்.