தியாகேசர் நடந்த தெருக்கள்

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. திருவாரூர் என்றதும் எல்லாரும் பழைய நில அளவான வேலியில் சொல்லும் கணக்கு இது. கோயில் குளமான கமலாலயத்தின் கரையில் நின்றால் எதிர்க்கரையில் குளிப்பவரின் முகம் தெரியாது, அவ்வளவு பெரிய குளம். ஆனாலும் நான் திரும்பத் திரும்ப இந்த ஊருக்குப் போவதற்குக் காரணம் வேறு. இங்கே நாயன்மார் கதைகளுக்கு விலாசம் உண்டு. இந்தக் குளம்தான், அந்த மண்டபம்தான் என்று கைகாட்டிச் சொல்லிவிடலாம்.

குளத்திலிருந்தே தொடங்குகிறேன். விருத்தாசலத்தில் சிவபெருமான் நாயன்மார்களில் ஒருவரான சுந்தரருக்கு 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்பது உத்தரவு. சுந்தரர் அப்படியே செய்தார், மாற்று, அதாவது பொன்னின் தரம் பார்க்க ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு! ஊருக்கு வந்து, மனைவி பரவையாரைக் கரையில் நிறுத்திவிட்டுக் குளத்தில் இறங்கித் துழாவினால் பொன் அகப்படவில்லை. ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறீரே என்று பரவையார் சிரிக்கிறார். சுந்தரர் பதிகம் பாடுகிறார், பொன் வருகிறது. உரசிப் பார்த்தால் மாற்றுக் குறைகிறது. விடுவாரா? மறுபடி பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் கரையேறினார். அந்தப் பொன்னை உரசிப் பார்த்துச் சொன்ன மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் குளக்கரையில் இருக்கிறார். அவர் முன்னால் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கடவுளிடம் இவ்வளவு உரிமையோடு கணக்குக் கேட்க ஒருவருக்கு எத்தனை அன்பு இருந்திருக்க வேண்டும்!

அந்த உரிமை இன்னும் ஒரு படி மேலே போனது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரை மணந்துகொண்ட சேதி கேட்டுப் பரவையார் வாசல் கதவைத் திறக்கவில்லை. சமாதானம் பேச நடுராத்திரியில் இந்தக் கோயில் சாமியான தியாகேசரே (தியாகராஜர் என்பதும் அவர்தான்) கிளம்பினார். அர்ச்சகர் வேடத்தில் போனபோது காரியம் ஆகவில்லை. மறுபடி தம் உருவோடு போய்த்தான் பரவையாரை இணங்க வைத்தார். தியாகராஜர் சன்னதியில் நந்தி படுக்காமல் நின்றுகொண்டிருப்பதற்கு இந்தத் தூதைத்தான் காரணம் சொல்கிறார்கள். சுவாமி நடந்து கிளம்பிவிட்டாரே என்று பதறி எழுந்தவராம். ராத்திரி கடையடைத்த பிறகு வீதியில் நடந்து பாருங்கள், அந்தக் கதை வேறு மாதிரி மனதில் இறங்கும்.

கோயிலுக்கு உள்ளேயே அரநெறி என்ற தனிச் சன்னதி இருக்கிறது. ஏமப்பேறூரிலிருந்து வந்த நமிநந்தியடிகள் ஒரு மாலை இங்கே விளக்கேற்ற நெய் இல்லாமல் பக்கத்து வீட்டில் கேட்டார். கையில் நெருப்பு வைத்திருக்கும் சாமிக்கு விளக்கு எதற்கு, வேண்டுமானால் தண்ணீர் ஊற்றி எரி என்றார்கள். அவர் அழுதுகொண்டே வந்து விழுந்தார். பிறகு இறைவன் சொன்னபடி குளத்து நீரை மொண்டு வந்து ஊற்ற, விளக்குகள் விடிய விடிய எரிந்தன. இதே குளம் தூர்ந்தபோது, கண் தெரியாத தண்டியடிகள் குழிக்கும் கரைக்கும் கயிறு கட்டித் தடவித் தடவி மண் சுமந்தார். படியில் கால் வைக்கும்போது இந்த இருவரையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

வெளியே, கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கல் தேர். விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கேயே அந்தக் கதையைச் சொல்கிறது. கோயிலின் பெரிய தேரான ஆழித்தேரையும் பார்த்துவிடுங்கள். அலங்காரத்தோடு 96 அடி என்கிறார்கள். இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. ஆனாலும் திருப்பத்தில் முட்டுக்கட்டை போடும் ஆட்களின் கைதான் கை.

சாயரட்சை என்னும் மாலைப் பூஜைக்குக் கட்டாயம் உள்ளே இருங்கள். தேவர்களே வந்து தரிசிக்கும் வேளை என்பது நம்பிக்கை. தியாகேசரின் முகம் மட்டும்தான் தெரியும். பாத தரிசனத்துக்கு மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த முகமே போதுமாக இருந்தது.

அப்புறம் கோயிலிலுள்ள தேவாசிரிய மண்டபத்தில் உட்கார்ந்தேன். நமிநந்தியடிகளின் இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. திருவிழாக் கூட்டத்தில் எல்லாரோடும் கலந்ததால் தீட்டு என்று எண்ணி, அவர் வீட்டுக்குள் போகாமல் வாசலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். ஆரூரில் பிறந்தவர் எல்லாரும் நம் கணங்கள் என்று இறைவன் கனவில் சொன்னார். விடிந்து ஆரூருக்குள் வந்தால் எதிர்ப்பட்ட அத்தனை பேரும் சிவ வடிவாகத் தெரிந்தார்களாம். அடியார்களை வரிசையாகப் பாடிய சுந்தரரும் ‘திருவாரூர்ப் பிறந்தார்கள் எல்லார்க்கும் அடியேன்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

வெளியே வந்ததும் பூ விற்கும் அம்மாவிடம், “நீங்க பிறந்தது இந்த ஊராம்மா?” என்று கேட்டேன்.

“ஆமாப்பா, எங்க அம்மாவும் இங்கதான். ஏன் கேக்குற?”

பதில் சொல்லாமல் கைகூப்பினேன். “சாமி உள்ள இருக்கு, என்னைக் கும்பிடுற?” என்று சிரித்துக்கொண்டே ஒரு முழம் கூடுதலாக அளந்து கொடுத்தார்.